நான் ஒரு நாவலைக் காதலித்தேன்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

காதல் என்ற சொல்லைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்த நண்பர்களே, சற்றுப் பொறுங்கள். நான் காதலித்தது ஓர் ஆளை அல்ல, ஒரு புத்தகத்தை. அதுவும் மேடைகளில் மேற்கோள் காட்டப்படும் புத்தகம் அல்ல. அட்டை கிழிந்து, ஓரம் மடங்கி, நடுப்பக்கத்தில் குழம்புக் கறை படிந்த ஒரு குடும்ப நாவல். எழுதியவர் ரமணிசந்திரன். நாவலின் பெயரை மட்டும் நான் சொல்லப் போவதில்லை. அகப்பாட்டில் தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டுவது மரபன்று எனத் தமிழ் வகுப்பில் படித்தோம் அல்லவா? அந்த மரபை நானும் காப்பாற்றுகிறேன்.

ஆனால் இக்கட்டுரையை வேடிக்கைக்காக எழுதவில்லை. இத்தகைய நாவல்களைப் பற்றி நாம் பேசுகின்ற முறையில் ஒரு தவறு இருக்கிறது. அந்தத் தவறு புத்தகத்தைப் பற்றியது மட்டுமன்று. அதைப் படிக்கின்ற பெண்களைப் பற்றியது. அதைச் சொல்லவே பேனா எடுத்தேன்.

முதலில் என் குற்றத்தை நானே ஒப்புக்கொண்டு விடுகிறேன். சென்ற ஆண்டு வகுப்பில் ஒரு நாள், கடைசியாகப் படித்த நூல் எது என்று ஒவ்வொருவரும் எழுந்து சொல்ல வேண்டியிருந்தது. ஒருவர் பொன்னியின் செல்வன் என்றார். இன்னொருவர் அக்கினிச் சிறகுகள் என்றார். மூன்றாம் பெஞ்சிலிருந்த ஒரு தோழி எழுந்து, ‘ரமணிசந்திரன் நாவல்’ என்றாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. எல்லோரையும் விட உரக்கச் சிரித்தவள் நான்.

ஏன் சிரித்தேன் என்று பின்னாளில் யோசித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். அம்மா களையெடுக்கப் போகிறவர். புதிதாகப் படியேறியவர்களுக்கு ஒரு நோய் வருவதுண்டு. கீழ்ப்படியில் நிற்பவரைப் பார்த்துச் சிரித்தால், தாம் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டதாக அவர்களுக்குத் தோன்றும். அந்த நோய் எனக்கும் இருந்தது. அன்று நான் ரமணிசந்திரனின் ஒரு வரியைக்கூடப் படித்ததில்லை.

எங்கள் துறை ஆய்வகத்தில் முதலில் கற்றுத் தருவது என்ன? உப்பின் நிறத்தைப் பார்த்தவுடன் விடை எழுதாதே. கரைத்துப் பார், சுடரில் காட்டிப் பார், உறுதிச் சோதனை செய்து பார், அதன் பிறகு பெயர் எழுது என்பதுதானே? உப்புக்குக் காட்டிய அந்த நியாயத்தைக் கூட நான் ஒரு புத்தகத்துக்குக் காட்டவில்லை.

அந்த நாவல் எனக்கு அக்காவின் வழியாக வந்தது. வாலாஜாபாத்துக்கு அருகில் உள்ளது எங்கள் ஊர். அங்கிருந்து ஒரகடம் வழியாக வண்டலூர் செல்லும் சாலையையும், ஒரகடத்தில் அதைக் குறுக்காகக் கடக்கும் சிங்கப்பெருமாள்கோயில் – ஸ்ரீபெரும்புதூர் சாலையையும் உங்களில் பலர் அறிவீர்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார்கள் உருவாகத் தொடங்கின. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் கைப்பேசிகள் வந்தன. 2010-க்குப் பிறகு ஒரகடத்தில் கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் என்று எல்லாம் வந்துவிட்டன. ஏரியும் வயலும் இருந்த இடத்தில் இன்று மதில் சுவர்களும் கண்டெய்னர் லாரிகளும் கம்பெனி பஸ்களும். அந்தக் கம்பெனி பஸ்களில் ஒன்றில்தான் என் அக்காவும் போகிறாள்.

பிளஸ் டூவில் அக்கா என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கியவள். ஆனால் அந்த ஆண்டு வீட்டுக் கூரை விழுந்தது, கடன் நின்றது. அவள் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ‘ஏ’ ஷிப்ட் என்றால் காலை ஆறு மணிக்கு லைனில் நிற்க வேண்டும். நாலே முக்காலுக்குக் கூட்டுரோட்டில் பஸ் ஏறுவாள். ‘பி’ ஷிப்ட் என்றால் வீடு திரும்ப இரவு பதினொன்றைத் தாண்டிவிடும். எட்டு மணி நேரமும் நின்றே வேலை. கைப்பேசியைப் பெட்டியில் பூட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். என் புத்தகமும் பேருந்துச் செலவும் தேர்வுக் கட்டணமும் அவள் சம்பளத்திலிருந்து வந்தவை.

அவளுடைய சாப்பாட்டுப் பையில் அந்த நாவலைக் கண்டேன். ‘என்னக்கா, இதெல்லாம் படிக்கிற?’ என்று கேட்டேன். அந்த ‘இதெல்லாம்’ என்ற சொல்லில் இருந்த திமிர் அவளுக்குப் புரிந்தது. அவள் கோபப்படவில்லை. ‘பஸ்ல தூக்கம் வராத நாள்ல படிப்பேன்டி. நீ படிச்சிட்டுச் சொல்லு’ என்று கையில் கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாள்.

குறை கண்டுபிடிப்பதற்காகவே படிக்கத் தொடங்கினேன். மணி ஒன்பது. முப்பதாம் பக்கத்தில் கண்டுபிடித்த குறைகளை மறந்துவிட்டேன். அறுபதாம் பக்கத்தில் மறுநாள் உள்தேர்வு இருப்பதை மறந்துவிட்டேன். படித்து முடித்தபோது ஊர்ச்சேவல் கூவவில்லை. ஆனால் அக்கா குளிக்கப் போகும் சத்தம் கேட்டது. மறுநாள் பேருந்தில் மீண்டும் எடுத்தேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன். கரிம வேதியியல் வகுப்பில் அந்தக் கதாநாயகி எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். இதற்குக் காதல் என்று பெயரில்லாவிட்டால் வேறு என்ன பெயர்?

அவர் நாவல்களைப் படித்தவர்களுக்கு அதன் அமைப்பு தெரியும். வசதி குறைந்த, தன்மானம் மிகுந்த ஒரு பெண். பெருந்தொழில் நடத்தும் ஓர் ஆண். இருவருக்கும் நடுவில் ஒரு சந்தேகம். சந்தேகம் வளர்கிறது, உடைகிறது, கல்யாணத்தில் சுபம். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாவல்களை அவர் எழுதியிருக்கிறார். தமிழில் மிக அதிகமாகப் படிக்கப்பட்டவர்களில் ஒருவர். சென்னையிலிருந்து 2008-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த தமிழ் வெகுஜனக் கதைத் தொகுப்பு ஒன்றிலும் அவர் எழுத்து இடம்பெற்றிருக்கிறது. மாதம் ஒரு நாவல் என்று 1969-இல் தொடங்கிய ராணி முத்து போன்ற இதழ்களும், பேருந்து நிலையக் கடைகளும், தெருமுனை வாடகை நூல் நிலையங்களும் வளர்த்த வாசகிகள் அவருடைய வாசகிகள். இன்று அந்த வாசகிகளின் மகள்கள் கைப்பேசிச் செயலிகளில் அத்தியாயம் அத்தியாயமாகக் காதல் தொடர்கள் படிக்கிறார்கள்.

இனி எதிர்க்கட்சியின் வாதங்களுக்கு வருவோம்.

‘எல்லாம் ஒரே கதைதானே? முடிவு முன்பே தெரிந்துவிடுகிறதே?’ என்பது முதல் வாதம். உண்மைதான். ஆனால் முடிவு தெரிந்த கதையை யார் விரும்புகிறார்கள் என்று யோசித்தோமா? அடுத்த வாரம் எந்த ஷிப்ட் என்று தெரியாதவள். ஒப்பந்தம் நீடிக்குமா என்று தெரியாதவள். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. அங்கு வேலை செய்த ஆயிரக்கணக்கானோரில் பெரும்பாலோர் இளம் பெண்கள். இந்தச் சாலையில் எந்தக் கதையின் முடிவும் யாருக்கும் முன்கூட்டித் தெரிவதில்லை. அப்படி வாழ்கிறவளுக்கு, முடிவு நன்றாகவே இருக்கும் என்று உறுதி கொடுத்துவிட்டுத் தொடங்குகிற கதை ஒரு நிழல். நிழலில் உட்காருகிறவரைப் பார்த்து ‘வெயிலைப் பற்றி உனக்குத் தெரியாது’ என்று சொல்வது எவ்வளவு பேதைமை!

‘இவை பெண்களை மயக்குகின்றன’ என்பது இரண்டாம் வாதம். இதற்கு நான் பதில் சொல்லத் தேவையில்லை. அந்தப் புத்தகமே பதில் சொல்லும். போன அட்டைக்குப் பதிலாக யாரோ பார்சல் பெட்டி அட்டையை வெட்டி ஒட்டியிருந்தார்கள். அதன் உட்புறத்தில், படித்தவர்கள் தங்கள் பெயரையும் ஊரையும் எழுதியிருந்தார்கள். பதினேழு பேர். ஆரணி, செய்யாறு, விருத்தாசலம், சங்கரன்கோவில், ராமநாதபுரம். விடுதிகளில் தங்கி வேலை செய்யும் பெண்கள் இவர்கள். வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும்படி அரசு கட்டிய குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது என்றால், எத்தனை ஊர்ப் பெண்கள் இங்கு வந்திருக்கிறார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். ஒருத்தி படித்து அடுத்தவளிடம் கொடுக்க, லைன் லைனாக அந்தப் புத்தகம் சுற்றியிருக்கிறது.

பெயர்களை விட என்னை நிறுத்தியவை பக்க ஓரங்கள். பென்சிலிலும் நீலப் பேனாவிலும் வெவ்வேறு கையெழுத்துகள். கதாநாயகன் கடுஞ்சொல் பேசும் இடத்தில் ஒருத்தி ‘திமிர்’ என்று எழுதியிருந்தாள். கதாநாயகி பதில் பேசாமல் அழும் இடத்தில் ‘வாயத் திறடி’ என்று இன்னொருத்தி. கதாநாயகி வேலையை விடும் இடத்தில், ‘சம்பளம் எவ்வளவு வாங்கினா?’ என்று ஒரு கேள்வி. அதன் கீழே வேறொரு கையெழுத்தில், ‘வேலைய விடாத’. அதற்கும் கீழே மற்றொருத்தி, ‘விட்டுப் பாரு, அப்பத் தெரியும்’.

மயங்கியவர்கள் எழுதும் எழுத்தா இது? நாம் வகுப்பில் ஒரு நூலைப் பற்றி இவ்வளவு கூர்மையாக எப்போதாவது கேட்டிருக்கிறோமா? வழிகாட்டிப் புத்தகத்திலிருந்து ஐந்து மதிப்பெண் விடையை மனப்பாடம் செய்கிற நாம், புத்தகத்தோடு மல்லுக்கு நிற்கிற அவர்களைப் பார்த்துச் சிரிக்கிறோம். அமெரிக்காவின் மத்தியப் பகுதி ஊர் ஒன்றில் காதல் நாவல் படிக்கும் பெண்களைச் சந்தித்து ஜானிஸ் ராட்வே என்ற ஆய்வாளர் 1984-இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்தப் பெண்களும் ஏமாளிகளாக இல்லை. எது நல்ல கதை, எது கெட்ட கதை என்று அவர்களுக்குத் திட்டமான அளவுகோல் இருந்தது. எல்லோருக்கும் எல்லாம் செய்து முடித்த பிறகு, படிக்கும் அந்த நேரம் மட்டுமே தங்களுக்கென்று மிஞ்சும் நேரம் என்றும் அவர்கள் சொன்னார்களாம். அந்த ஊரின் சமையலறைக்கும் எங்கள் கூட்டுரோட்டுக் கம்பெனி பஸ்ஸுக்கும் கடல்கள் இடையில் இருக்கின்றன. ஆனாலும் அந்தப் பெண்கள் சொன்னதைத்தான் என் அக்காவும் வேறு வார்த்தையில் சொன்னாள்: ‘லைன்ல நின்னா நான் ஒரு நம்பர். பஸ்ல இத விரிச்சா நான் ஒரு ஆளு.’

‘காதல் கதை இலக்கியமாகுமா?’ என்பது மூன்றாம் வாதம். இதைத் தமிழ் படித்தவர்கள் கேட்கலாமா? திருக்குறளின் மூன்றாம் பாலில் 25 அதிகாரம், 250 குறள். குறுந்தொகையின் நானூற்றுச் சொச்சம் பாடல்களும் காதலன்றி வேறென்ன? அவற்றில் ஒன்றைப் பாடியவருக்கு இயற்பெயர்கூடத் தங்கவில்லை; செம்மண்ணில் பெய்த மழைநீரை உவமை சொன்னதால் செம்புலப்பெயனீரார் என்றே வழங்குகிறோம். தமிழின் முதல் நாவலென 1879-இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தில், கணவனைப் பிரிந்த ஞானாம்பாள் ஆண் வேடத்தில் அரசாள்கிறாள். இங்கிலாந்தில் ஜேன் ஆஸ்டின் 1811-இல் தம் முதல் நாவலைப் பெயர் போடாமல், ஒரு சீமாட்டி எழுதியது என்றே வெளியிட்டார். இன்று அவர் பாடநூல். 1960-களில் நா. பார்த்தசாரதியின் குறிஞ்சி மலரைப் படித்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அரவிந்தன் என்றும் பூரணி என்றும் பெயர் வைத்தார்கள். நாவலைக் காதலித்த முதல் பைத்தியம் நானல்லள் என்பதற்கு அந்தப் பெயர் கொண்ட பெரியவர்களே சாட்சி.

இந்த வரிசையில் ஒருவரை நான் கைகூப்பி நினைக்கிறேன். வை. மு. கோதைநாயகி அம்மாள், 1901-இல் பிறந்தவர். ஐந்து வயது கடந்ததும் கல்யாணம். பள்ளிக்கூடம் போனதில்லை. தொடக்கத்தில் எழுதத் தெரியாத அவர் வாயால் சொல்ல, தோழி ஒருவர் எழுதினார். அப்படித் தொடங்கியவர் 1925 முதல் ஜகன்மோகினி இதழை நடத்தி, 1960-இல் மறையும் வரை 115 நாவல்கள் எழுதினார். முதல் தலைமுறைப் பட்டதாரியாகப் போகிற எனக்கு, பள்ளிக்கூடம் போகாமலே எழுத்தறிவு பெற்ற அவர் பாட்டி முறை ஆகிறார்.

இவை அனைத்தும் ஒரே தரம் என்று நான் வாதாடவில்லை. குறுந்தொகையில் ஐந்தாறு அடிகளில் நிற்கும் மௌனம் இருநூறு பக்க நாவலில் இல்லை. என் காதலுக்குக் கண் இருக்கிறது. நான் அதன் பிறகு அவருடைய நாவல்கள் ஏழெட்டு படித்தேன், சண்டையும் போட்டேன். கதாநாயகனுக்குப் பணக்கஷ்டம் வருவதேயில்லை. அவன் சொன்ன கொடுஞ்சொற்கள் எல்லாம் ஒரு விளக்கத்தில் மன்னிக்கப்படுகின்றன. சாதி என்ற சொல் யார் வாயிலும் வருவதில்லை. நம் தெருக்களில் காதல் முதலில் மோதுவது அந்தச் சுவரில் அல்லவா? நான்கு மணிக்கு எழுந்து பஸ் பிடிக்கிறவள் அங்கே நாயகியாக வருவதில்லை. இந்தக் குறைகளை நான் கண்டுபிடித்ததாகப் பெருமைப்படவும் வழியில்லை. பாதியைப் பக்க ஓரங்களில் அந்தப் பதினேழு பேர் எனக்கு முன்பே எழுதிவிட்டார்கள்.

அப்படியானால் அந்தப் புத்தகத்தில் என்னதான் இருந்தது? அதைச் சொல்ல எங்கள் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

தை மாதத்தில் அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் டெக்னீஷியன். நல்ல குடும்பம், கெட்ட பழக்கம் இல்லை என்றார்கள். கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போக வேண்டாம் என்றும் சொன்னார்கள். அம்மாவுக்குச் சந்தோஷம். பெரியவர்கள் பேசினார்கள், நகை பேசினார்கள், மண்டபம் பேசினார்கள். அன்று இரவு ஷிப்ட் முடிந்து வந்த அக்கா, சாப்பிடாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். என்னிடம் சொன்னாள்: ‘அந்தக் கதையில கடைசியில அவன் வந்து, உனக்குச் சம்மதமான்னு கேக்கிறான் பாரு. அந்த ஒரு பக்கத்துக்காகத்தான்டி நான் மூணு தடவ படிச்சேன். என்ன யாருடி கேட்டாங்க?’

நண்பர்களே, அந்தப் புத்தகம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. பங்களாவும் காரும் அல்ல அதில் இருந்தவை. ஒரு பெண்ணின் மனத்தில் என்ன இருக்கிறது என்பதே முக்கியமான செய்தி என்று எண்ணி, இருநூறு பக்கம் ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். கடைசியில் அவளிடம் கேட்கவும் வைத்திருக்கிறார். கேட்பது என்பது இவ்வளவு அருமையான பொருள் என்று கேட்கப்படாதவர்களுக்குத்தான் தெரியும்.

அகப்பொருளில் அறத்தொடு நிற்றல் என்று ஒரு துறை உண்டு. தலைவியின் உள்ளத்தைத் தோழி பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்வாள். என் அக்காவுக்குக் காதலன் யாரும் இல்லை. ஆகவே இலக்கணப்படி இது பொருந்தாது. ஆனாலும் தோழியின் வேலையை நான் செய்தேன். மறுநாள் காலை அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போய், ‘அக்காவ ஒரு வார்த்த கேக்கணும்மா. அவ வேலைய விட விரும்பல. மாப்பிள்ளகிட்டப் பேசணும்ங்கிறா’ என்றேன்.

‘கதப் பொஸ்தகம் படிச்சிப் படிச்சி ரெண்டு பேருக்கும் புத்தி கெட்டுப் போச்சி’ என்றார் அம்மா. முறம் நிற்கவில்லை. நான் அங்கேயே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து முறம் நின்றது. ‘என்ன யாருடி கேட்டாங்க?’ என்றார். இரவு அக்கா கேட்ட அதே சொற்கள். அம்மா நாவல் படித்தவர் அல்லர். கையெழுத்துப் போட மட்டும் தெரிந்தவர். அன்று மாலை அவரே அப்பாவிடம் பேசினார்.

ஸ்ரீபெரும்புதூர் கோயில் மண்டபத்தில் இரு குடும்பத்தாரும் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருக்க, அக்கா அவரிடம் இரண்டு கேள்விகள் கேட்டாள். ‘நான் வேலைக்குப் போகலாமா? என் சம்பளம் என் கையில் இருக்குமா?’ அவர் முகம் கோணவில்லை. அம்மாவைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். உடனே ஒரு பொய் சொல்லாமல் விட்டாரே, அதுவே பெரிது என்றாள் அக்கா. மூன்று மாதம் ஆயிற்று. பதில் வரவில்லை.

எங்கள் ஊரில் யாராவது கல்யாணப் பத்திரிகை கொண்டு வந்தால் அம்மா என்னை ஒரு பார்வை பார்க்கிறார். நான் செய்தது சரிதானா? நல்ல வரனை ஒரு நாவலும் ஒரு தங்கையும் சேர்ந்து கெடுத்துவிட்டோமா? இரவில் இந்தக் கேள்வி என்னை விடுவதில்லை. நாவலாக இருந்தால் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிடலாம். அக்காவிடமே கேட்டேன். ‘கேக்காமப் போயிருந்தா வாழ்நாள் பூரா கேட்டிருக்கலாமேன்னு இருந்திருக்கும். கேட்டாச்சி. இப்ப நல்லாத் தூக்கம் வருது’ என்றாள். ஷிப்டுக்குப் போகிறவள் வாயிலிருந்து தூக்கம் வருகிறது என்ற சொல் வருவது சாதாரணமா?

ஆகவே பேராசிரியப் பெருமக்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் என் வேண்டுகோள்கள் மூன்று.

ஒன்று: நம் நூலகத்தில் மு.வ. இருக்கிறார், அகிலன் இருக்கிறார், நா.பா. இருக்கிறார். ரமணிசந்திரனுக்கும் அவரைப் போன்றோருக்கும் ஓர் அலமாரி இருக்கட்டும். படிக்கும் பழக்கமே இல்லாமல் வருகிற என் போன்றவர்களுக்கு அது முதல் படியாகட்டும். முதல் படியில் கால் வைக்காமல் ஐந்தாம் படிக்குத் தாவியவர் யார்?

இரண்டு: குறுந்தொகை நடத்தும் வகுப்பில் ஒரு நாள் இத்தகைய நாவலின் ஓர் அத்தியாயத்தையும் அருகில் வைத்துப் பேசுவோம். எங்கே உயர்வு, எங்கே தாழ்வு என்று நாங்களே சோதித்துச் சொல்கிறோம். சோதித்த பிறகு தாழ்ந்தது என்று முடிவானாலும் எனக்கு வருத்தமில்லை. சோதிக்காமல் சிரித்தோமே, அதுதான் வருத்தம்.

மூன்று: நம்மில் எழுத வருகிறவர்களுக்கு. இந்தச் சாலையின் காதல் கதை இன்னும் நம் கையால் எழுதப்படவில்லை. அதன் கதாநாயகனுக்குக் கார் வேண்டாம். கம்பெனி பஸ்ஸில் வரட்டும். கதாநாயகியின் சம்பளம் எவ்வளவு என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்ட வாசகி ஒருத்தி பதிலுக்குக் காத்திருக்கிறாள்.

மூன்றாம் பெஞ்சுத் தோழியிடம் சென்ற மாதம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, ‘அடுத்த புத்தகம் வேணுமா?’ என்று கேட்டாள். வாங்கிக்கொண்டேன். அக்காவின் புத்தகத்தை இரவல் கேட்காதீர்கள். அது எங்களிடம் இல்லை. பதினெட்டாவது பெயராக அக்காவும், பத்தொன்பதாவதாக நானும் எழுதிக் கொடுத்துவிட்டோம். இப்போது அது ‘சி’ ஷிப்டில் இருக்கிறது.